குவாங்சோவில் மேடை தேடிய நாள்

சீனாவுக்குப் போய்வந்தோம் என்று சொன்னால், ஜேர்மனியில், ஹம் நகரில், எங்கள் சனம் முதலில் கேட்பது பெருஞ்சுவரைப் பற்றித்தான். சுவரையும் காணவில்லை, ஒரு கோதாரியையும் காணவில்லை. குவாங்சோ என்ற அந்தப் பெரிய பட்டினத்தில் நான் பார்த்ததெல்லாம் பிளாஸ்டிக் பூவும் பைபர் தூணும்தான். வாழ்க்கையில் முதல் தரமாகப் போன ஊரில், விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை, என் மனுசனுக்குப் பின்னால் கால் வீங்க வீங்க நடந்தேன். நடந்த அலுப்பு நித்திரையில் போய்விட்டது. சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டு நடந்தேனே, அந்த அலுப்பு மட்டும் லேசில் போகவில்லை.

நாங்கள் இருவரும் மன்னார்க் கத்தோலிக்கர். அகதியாக ஜேர்மனிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். கிழமை நாட்களில் அவர் கேபிள் செய்கிற தொழிற்சாலையில், நான் முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல். சனி ஞாயிறுகளில் மேடை அலங்காரம். கெல்சென்கிர்ச்சன் பக்கத்திலிருந்து ஹம்வரை தமிழ்ச் சனத்தின் கலியாணமோ, பெண்பிள்ளையின் சாமத்தியவீடோ, பிறந்தநாளோ, மண்டபத்தில் மேடையைப் பொருத்திப் பூட்டக் கூப்பிடுவது எங்களைத்தான். தூண், திரை, பூ, மாப்பிள்ளை பொம்பிளை இருக்கிற சிம்மாசனக் கதிரைகள், எல்லாம் எங்கள் வான் வண்டியில் போகும். காலையில் பூட்டவேண்டும், கலியாண வீட்டார் ஆடிப்பாடிக் களைத்துப் போனபிறகு கழற்றவேண்டும். பூட்டும்போது ஆளுக்காள் வந்து பார்ப்பார்கள். கழற்றும்போது மண்டபக்காரன் மட்டும் கதவுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டாவி விடுவான்.

சாமான் முழுக்கச் சீனாவிலிருந்து பெட்டியில் வரும். படத்தில் ஒரு நிறம், பெட்டியைத் திறந்தால் வேறு நிறம். தங்கத் தூண் என்று கேட்டால் மஞ்சள் போட்ட கிழங்குக் கறி நிறத்தில் வந்து நிற்கும். அவர் தலையில் அடித்துக்கொள்வார். வருகிற கோடையில் எங்கள் ஒரே மகளுக்குக் கலியாணம் என்றானதும் மனுசன் ஒற்றைக்காலில் நின்றார்.

"என்ர பிள்ளையின்ர மேடையைப் படத்தில பாத்து வாங்கமாட்டன். நேர போய், தூணைக் கையால தட்டிப் பாத்துத்தான் வாங்குவன்."

இப்படித்தான், விடுமுறை என்றால் லூர்து மாதாவைக் கும்பிடப் போவதோடு சரி என்றிருந்த நாங்கள், குவாங்சோவுக்கு டிக்கெட் எடுத்தோம்.

புறப்படும் அன்று எங்களை ஸ்டேசனில் இறக்கிவிட மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். இங்கே பிறந்தவள். பிசியோதெரபி படித்து, மற்றவர்களின் முதுகையும் முழங்காலையும் சரிசெய்கிற வேலை செய்கிறாள். மாப்பிள்ளை அவளோடு வேலைசெய்கிற ஜேர்மன் பொடியன், தங்கமான பிள்ளை. அப்பா பெட்டியை ஏற்றக் கீழே போன நேரம் பார்த்து அவள் குசினிக் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, எனக்கு மேடை வேண்டாம். கோயில்ல பூசை, பிறகு ஒரு தோட்டத்தில சாப்பாடு. அவ்வளவுதான்."

"உனக்கென்ன விசரே? அதுக்காகத்தானே அப்பா சீனாவுக்கு வெளிக்கிட்டு நிக்கிறார்!"

"போய்ப் பாத்திட்டு வாங்கோ. ஓடர் மட்டும் குடுக்கவேண்டாம். அம்மா, நான் சின்னனிலயிருந்து எத்தினை மேடை கழட்டியிருப்பன்? அதில போய் இருந்தா, இதை இனி ஆர் கழட்டுறது எண்டுதான் எனக்கு யோசனை வரும். என்ர கலியாணத்தில எனக்கு அந்த யோசனை வரக்கூடாது."

"அதை நீயே அப்பாவிட்டச் சொல்லன்."

"சொன்னா அழுதிடுவன். நான் அழுதா அவர் ஒண்டும் விளங்காமலே சரி எண்டிடுவார். நீங்கள் சொல்லுங்கோ. ஓடர் குடுக்கமுன்னம் சொல்லுங்கோ, சரியே?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. மேடை கழற்றிக் கழற்றி என் இடுப்பு நாரியும்தான் போய்விட்டது. ஆனால் விமானத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த உயரத்தில், ஆவென்று வாயைத் திறந்து சந்தோசமாக நித்திரை கொள்கிற மனுசனை எழுப்பிச் சொல்கிற கதையா இது? தரையில் இறங்கிச் சொல்லலாம் என்று விட்டேன். இறங்கி, ஹோட்டலில் படுத்து எழும்பியும் சொல்லவில்லை.

காலையில் ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடைக்குப் போனோம். பெரிய மண்டபம். வயதானவர்கள் வட்ட மேசைகளில் இருந்து, பேப்பர் வாசித்துக்கொண்டும் சத்தமாகக் கதைத்துக்கொண்டும், மூங்கில் தட்டுகளில் அவித்த பலகாரம் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் ஒரு அவசரமும் இல்லை. எங்களையும் அப்படி ஒரு மேசையில் இருத்தினார்கள். பக்கத்திலிருந்த முதியவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எங்கள் கோப்பைகளையும் குச்சிகளையும் எடுத்து ஒரு கிண்ணத்துக்குள் வைத்து, சுடுதேநீரை ஊற்றிக் கழுவினார். அங்கே சாப்பிடமுன் அப்படிக் கழுவுவது வழக்கம் என்று எங்களுக்கு எங்கே தெரியும்! என் மனுசன் அந்தக் கிண்ணத்தைத் தூக்கி, கழுவின தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

"தேத்தண்ணிக்குச் சாயம் காணாது," என்று எனக்குச் சொன்னார்.

முதியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேசை முழுவதும் சிரித்தது. விசயம் விளங்கினதும் என் மனுசனும் சிரித்தார், நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இப்போது சொல்வோம், சிரிப்போடு சிரிப்பாகச் சொல்வோம் என்று நினைத்தேன். "இஞ்சேருங்கோ," என்று தொடங்கினேன். அவர் அதற்குள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து மேசையில் வைத்து, "உயரம் மட்டும் கூடக்கூடாது, கண்டீரோ. வானுக்க கொள்ளவேணும்," என்றார். நான் பலகாரத் தட்டை என் பக்கம் இழுத்தேன்.

வெளியே வெக்கை என்றால் அப்படியொரு வெக்கை. ஹம்மில் மழைக்கோட்டோடு திரிந்த உடம்புக்கு அந்தப் புழுக்கம் ஈரத் துணியால் மூடியதுபோல் இருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் ஆலமரம். மரத்துக்குக் கீழே சத்தமே இல்லாமல் மின்சார ஸ்கூட்டர்கள் வரும். நடைபாதையிலும் வரும், பின்னாலிருந்தும் வரும். "பாத்து, பாத்து," என்று அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். தெருவில் பயம் வந்தால்தான் இவர் என் கையைப் பிடிப்பார்.

அலங்காரச் சாமான் விற்கும் தெருவைத் தேடிப் போகிற வழியில் கருவாட்டு மணம் வந்தது. நான் நம்பவில்லை. திரும்பினால் தெரு முழுவதும் கருவாடு, காய்ந்த இறால், காய்ந்த கணவாய், சாக்குச் சாக்காக. "கொஞ்சம் வாங்குவமே?" என்றேன். "வந்த அலுவலைப் பாரும்," என்றார். கருவாட்டைத் தாண்டினால், என்ன ஆச்சரியம், கருங்கல்லால் கட்டின பெரிய கோயில் ஒன்று, நம்முடைய கத்தோலிக்கக் கோயில்தான், இரட்டைக் கோபுரத்தோடு நிற்கிறது. உள்ளே போய் இருந்தோம். வாங்குப் பலகையில் இருந்ததும் கால் இரண்டும் நன்றி சொன்னது. மாதாவே, எனக்கு வாயைத் திறந்து தா என்று கும்பிட்டேன். அவர் முழந்தாளில் நின்று நெடுநேரம் கும்பிட்டார். இவ்வளவு பக்தியாக அவரைக் கண்டு கனகாலம்.

"என்ன கேட்டனீங்கள்?"

"கலியாணத்தண்டைக்கு மழை பெய்யக்கூடாது எண்டு. சாமான் இறக்கேக்க நனைஞ்சா தூணில பூச்சு போயிடும்."

மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டேன். எழும்பிப் பின்னால் போனேன்.

சந்தைக் கட்டிடம் மாடிக்கு மேல் மாடி. ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவு கடை. ஒன்றில் ரோசாப்பூ மட்டும், அடுத்ததில் இலை மட்டும், அடுத்ததில் மின்குமிழ்ச் சரம் மட்டும். எங்கே பார்த்தாலும் பெட்டி ஒட்டுகிற டேப் கிழிகிற சத்தம். எங்கள் வீட்டு நிலவறையில் இருக்கிற சாமான் அத்தனையும் அங்கே புதிதாக இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு நாரி நொந்தது. ஒவ்வொரு பூவையும் ஒரு கம்பியில் கட்டவேண்டும், பிறகு ஒவ்வொன்றாக அவிழ்க்கவேண்டும் என்றுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கோ அது தேர்த்திருவிழா. தூண் கண்ட இடமெல்லாம் விரலால் தட்டினார். தட்டிவிட்டுக் காதை வைத்தார்.

கடைக்காரரோடு கதைக்கப் போனில் மொழிபெயர்ப்பு வைத்திருந்தார். இவர் ஜேர்மனில் சொல்ல, போன் சீனத்தில் சொல்லும். அகதி விண்ணப்பத்திலிருந்து இன்றுவரை எத்தனை அலுவலகம், எத்தனை நேர்காணல் டெர்மின், எங்கேயும் இவ்வளவு வடிவாக அவர் ஜேர்மன் கதைத்து நான் கேட்கவில்லை. "என்னுடைய மகளின் திருமணம்," என்று ஒவ்வொரு கடையிலும் தொடங்கினார். கடைக்காரர்கள் கைகூப்பி வாழ்த்தினார்கள். எனக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். நானும் தலையாட்டித் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். கடவுளே, அந்தத் தலையாட்டல்தான் நடையைவிடக் கஷ்டமாக இருந்தது.

மதியம் திடீரென்று மாடி முழுவதும் வெளிச்சம் குறைந்தது. மின்சாரம் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். இல்லை, அது நித்திரை நேரம். கடைக்காரர்கள் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு, மடக்குக் கட்டிலை விரித்து, பூக்களுக்கு நடுவில் படுத்துவிட்டார்கள். வியாபாரமாவது மண்ணாவது! எங்கள் இல்லத்துக் குசினியில் பகல் ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்தாலே மேற்பார்வையாளர் இருமுவார். எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமில்லை.

திரைத்துணி விற்கிற பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், என் காலைப் பார்த்தாள். பிறகு தன் நாரியைப் பிடித்துக் காட்டி, என் நாரியைச் சுட்டினாள். ஓம் என்று தலையாட்டினேன். உள்ளேயிருந்து இன்னொரு மடக்குக் கட்டிலை இழுத்து எனக்கு விரித்தாள். நான் மறுபேச்சுப் பேசவில்லை. அவர், "என்ன, படுக்கப்போறீரோ? ஊர் பாக்க வந்த இடத்திலயோ?" என்று வாயைப் பிளந்தார்.

"நீங்கள் போய்த் தட்டுங்கோ. எனக்கு ஏலாது," என்றேன். அந்தச் சொல் இவ்வளவு சுகமாக என் வாயிலிருந்து வந்ததே இல்லை. படுத்தது தெரியும், பிறகு ஒன்றும் தெரியாது.

எழும்பினபோது வெளிச்சம் வந்திருந்தது. டேப் கிழிகிற சத்தமும் வந்திருந்தது. அவர் என் முன்னால் நின்று, கண்டுபிடித்துவிட்டேன் என்கிற முகத்தோடு, "வாரும், வாரும்," என்றார்.

கடைசி வரிசையில் பெரிய கடை. சும்மா சொல்லக்கூடாது, அந்த மேடை வடிவுதான். மஞ்சளும் இல்லை, மினுக்கமும் இல்லை. தந்த நிறத்தில் மெல்லிய தூண்கள், கொடி வேலை. அவர் ஒரு தூணைத் தட்டினார்.

"சத்தத்தைக் கேட்டீரோ? வெறுங்கோது இல்லை. இஞ்ச பாரும், ஒரு ஆணி இல்லை, ஒரு திருகு இல்லை. ஒண்டுக்க ஒண்டு சொருகுறது. நான் ஒராளே கழட்டிப்போடுவன். நீரும் பிள்ளையும் கிட்டவும் வரத்தேவையில்லை. உம்மட நாரிக்கும் இனி ஓய்வு."

எனக்கு அழுகை வந்தது. எங்கள் கழற்றுகிற கஷ்டமெல்லாம் இந்த மனுசனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. அதற்கு விடையாக இன்னுமொரு மேடையைத் தவிர வேறொன்றும் அவருக்குத் தெரியவில்லை. கடையில் வேலைசெய்கிற இளம் பெட்டை கணினியில் மேடையின் படத்தைத் திறந்து, தன் போனை நீட்டினாள். போன் ஜேர்மனில் கேட்டது: முன்பலகையில் என்ன பெயர்கள் எழுதவேண்டும்? அவர் சிரித்துக்கொண்டு, மகளின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"சொல்லாதேங்கோ," என்றேன்.

"ஏன்?"

"பிள்ளை மேடை வேண்டாமாம்."

அவர் என்னைப் பார்த்தார். கடைப் பெட்டை எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"எந்த மேடை? இந்த மேடையோ?"

"எந்த மேடையும். கோயில்ல பூசை, தோட்டத்தில சாப்பாடு. அவ்வளவும் போதுமாம்."

"எப்ப சொன்னவள்?"

"வெளிக்கிட்டண்டைக்கு. குசினியில."

"அப்ப என்னை ஏன் காலமையிலயிருந்து இப்பிடி நடத்தினனீர்?"

"நானோ நடத்தினனான்? நீங்களெல்லோ என்னை நடத்தினது! சொல்லுவம் சொல்லுவம் எண்டு உங்கட முகத்தைப் பாத்தா சொல்லவிட்டாத்தானே!" எனக்கும் குரல் ஏறிவிட்டது. அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனாம் வேண்டாம்?" என்று என் மனுசன் கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகள் சொன்னதை அப்படியே சொன்னேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதில போய் இருந்தா, இதை இனி ஆர் கழட்டுறது எண்டுதான் யோசனை வருமாம். சொல்லும்போது அவர் கை தூணில் இருந்தது. சொல்லி முடிந்தும் அங்கேயே இருந்தது. பிறகு போனை வாங்கி, ஜேர்மனில், மன்னிக்கவேண்டும், இன்றைக்கு வேண்டாம் என்றார். அந்தப் பெட்டை ஏதோ கேட்டாள். அவர் போனைப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

சந்தைக்குப் பின்னால் கொஞ்சத் தூரத்தில் ஆறு. பெரிய கப்பல் போகிற ஆறு. கரையில் வாங்குகள் போட்டிருந்தன. வெயில் இறங்கியிருந்தது, பெண்கள் பாட்டுப் போட்டு வரிசையாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒரு வாங்கில் இருந்தோம். அவர் சப்பாத்தைக் கழற்றினார். பாதம் சிவந்து கிடந்தது. இவருக்கும் நொந்துதான் இருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்.

"சின்னனில பிள்ளையைத் தனிய வீட்டில விடுற பயத்திலதானே மேடை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனனாங்கள்," என்றார். "திரைக்குப் பின்னால குசனைப் போட்டுப் படுக்கவிட்டம். நாலைஞ்சு பூவை அவளும் கழட்டித் தருவாள். அவளுக்கு அது விளையாட்டு எண்டெல்லோ நான் நினைச்சனான்."

"அப்ப விளையாட்டாத்தான் இருந்தது. பிறகு வளந்திட்டாளே."

அவர் காலுறையை உருட்டிச் சப்பாத்துக்குள் திணித்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மகளில் கோபமும் வந்தது. கோபிக்க நியாயம் இல்லை என்பதும் தெரிந்தது. எல்லாம் சேர்ந்து என்னை இன்னும் களைக்கவைத்தது. ஜேர்மனியில் அப்போது காலை. அவள் வேலையில் இருப்பாள், இரவு போன் எடுப்போம் என்று சொன்னேன். கேட்கவில்லை, உடனே எடுத்தார். இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மடியில் வைத்தார்.

"பிள்ளை, அம்மா சொன்னவா," என்றார்.

"அப்பா, கோவமே?"

"இல்லை. மேடை வேண்டாமெண்டா வேண்டாம். விடு." தொண்டையைச் செருமினார். "அப்ப தோட்டத்தில கதிரை மேசை போடோணுமெல்லோ. அதை ஒருத்தருக்கும் குடுத்திடாத. நான் வானில கொண்டுவந்து போட்டுத்தாறன். எத்தினை பேர் எண்டு மட்டும் சொல்லு."

"கதிரை எல்லாம் அந்த இடத்துக்காரரே போடுவினம், அப்பா. நீங்கள் அண்டைக்கு ஒண்டும் தூக்கக்கூடாது. நீங்கள் கதிரையில இருக்கவேணும்."

"இருந்து?"

"இருந்து சாப்பிடவேணும். என்னைப் பாக்கவேணும். அம்மாவும்தான்."

அவர் போனைப் பார்த்தார். எத்தனை கலியாணத்துக்குப் போயிருப்போம்! ஒன்றிலாவது நாங்கள் சபையில் இருந்ததில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் இவர் மேடைக்குப் பின்னால் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் மண்டபத்துக் குசினியில் நின்றபடி ஒரு வாய் சோறு சாப்பிடுவேன். கெட்டிமேளம் கேட்டால் சரி, முடிந்தது என்று தெரியும். பொம்பிளையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திருக்கமாட்டோம்.

"அப்பா? கேக்குதோ?"

அவர் போனைத் தூக்கி என் கையில் வைத்தார்.

"நீர் சொல்லும் இவளுக்கு," என்றார். "எனக்கு அப்பிடி இருக்கத் தெரியாது எண்டு சொல்லும்."

நான் போனைக் காதில் வைத்தேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

"எனக்கும் தெரியாது, பிள்ளை," என்றேன்.